ஒருக்கா வந்திட்டுப் போங்கோ

அரசியலமைப்பை நான் முதன்முதலில் பயன்படுத்தியது ஒரு மேசைக்காலுக்கு முண்டு கொடுக்கத்தான்.

வனவிலங்குச் சரணாலயத்தில் காவல் உத்தியோகத்தராகச் சேர்ந்து சில வருடங்கள் ஆனபின் எங்களை வவுனியாவுக்குக் கூப்பிட்டு ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். ஒரு சட்டத்தரணி வந்து, அரசியலமைப்பில் எங்களைத் தொடும் பகுதிகளை மட்டும் எடுத்துச் சொன்னார். நீங்கள் யானையையும் மரத்தையும் காக்கிற ஆட்கள்தான், ஆனால் ஒரு மனிதனைப் பிடிக்கிற நேரம் நீங்கள்தான் அரசு என்றார். எவரைக் கைது செய்தாலும் காரணம் சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் திணைக்களத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாது, உங்கள் பெயரைப் போட்டே உயர் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்றும் சொன்னார். இவையெல்லாம் எனக்குப் பிறகு ஞாபகம் வந்தவை. அன்றைக்கு மனதில் நின்றது பத்தரைக்கு வந்த மீன் பணிசும் பிளேன்ரீயும்தான். போகும்போது அந்தப் பகுதிகளை அச்சிட்ட மெல்லிய தமிழ்ப் புத்தகம் ஆளுக்கொன்று தந்தார்கள். எங்கள் அலுவலகத்தில், நாங்கள் சொல்லும் கந்தோரில், மேசையின் ஒரு கால் மற்றவற்றைவிடக் கட்டை. புத்தகம் அதற்கு அளவாக இருந்தது.

சட்டம் எனக்குத் தேவையில்லை என்று நினைத்ததற்குக் காரணம் திமிர். மரியாதை தெரிந்த மனிதன் என்ற திமிர். குடாநாட்டிலிருந்து வந்து, கிளிநொச்சியில் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் நாயைத் தவிர வேறு யாரையும் 'டேய்' என்று கூப்பிட்டால் வாயில் அடி விழும். என்னோடு வேலை செய்தவர்களில் சிலர் விறகு வெட்ட வந்த வயதானவரையும் 'டேய்' என்பார்கள். நான் 'அண்ணை' என்பேன், 'ஐயா' என்பேன். 'உங்களைக் கைது செய்யிறன்' என்று ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. செத்தவீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் எழும்பி வருவோம். மற்ற எங்கேயும், போவதைக்கூடப் 'போயிட்டு வாறன்' என்று சொல்லுகிற சனம் நாங்கள். ஆகவே ஆளைப் பிடிக்கும்போதும் நான் ஒரே வசனத்தைத்தான் சொல்வேன்.

"ஒருக்கா கந்தோருக்கு வந்திட்டுப் போங்கோ."

இத்தனை வருடத்தில் யாரும் என்னோடு முரண்டு பிடித்ததில்லை. மற்றவர்கள் இழுபறிப்பட்டு, சட்டை கிழிந்து வருவார்கள். நான் பிடித்த ஆட்கள் தாங்களாகவே ஜீப்பில் ஏறி இருப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அது பாலைப்பழக் காலம். மஞ்சளாகச் சின்னச் சின்னப் பழம், தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காட்டுக்குள் போய்ப் பொறுக்குகிறவர்களை நாங்கள் கண்டும் காணாமல் விடுவோம். ஆனால் சிலர் ஏறிப் பறிக்கப் பஞ்சிப்பட்டு, கிளையோடு வெட்டி விழுத்துவார்கள். பாலை வளர்வதற்கு ஒரு ஆயுள் வேண்டும். எல்லைக்கல் தாண்டி உள்ளே, கத்தியோடு போனாலே குற்றம், வெட்டினால் இன்னும் பெரிய குற்றம்.

காலை எட்டு மணியிருக்கும். கத்திச் சத்தம் கேட்டு நானும் சாரதியும் நடந்து போனோம். ஒரு மனிதர் மரத்தில் நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தொடைப் பருமனில் ஒரு கிளை நிலத்தில் கிடந்தது. அவருடைய மனைவி அதன் பக்கத்தில் குந்தியிருந்து, பிளாஸ்டிக் வாளிக்குள் பழம் ஆய்ந்துகொண்டிருந்தார். முந்தி ஒரு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று. ஆளை எனக்கு முகப்பழக்கம் உண்டு. பெயர் தெரியாது.

"அண்ணை, இறங்கி வாங்கோ" என்றேன். அவர் இறங்கினார். கத்தியைச் சாரத்தில் துடைத்து, பிடியை என் பக்கம் திருப்பித் தந்தார். "ஒருக்கா கந்தோருக்கு வந்திட்டுப் போங்கோ. சின்ன விசாரணைதான்."

மனைவி எழும்பினார். வாளி கவிழ்ந்து பழம் மண்ணில் கொட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"எந்தக் கந்தோருங்க ஐயா?"

"எங்கட கந்தோர்தான் அக்கா. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மனைவி ஜீப்புக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்து வந்தார். பிறகு நின்றுவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன், கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். வேலை சுமுகமாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கந்தோரில் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தோம். மத்தியானம் எங்கள் சோற்றுப் பார்சல் ஒன்றைக் கொடுத்தோம். வீட்டுக்குச் சொல்லவேணுமோ என்று கேட்டேன். "வேணாம் சேர், அவ பாத்துக்கிட்டுத்தானே இருந்தா" என்றார். கைதுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். கடைசி வரி அச்சிலேயே இருக்கும்: 'கைதுக்கான காரணம் சந்தேக நபருக்குத் தெரிவிக்கப்பட்டது.' பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு சரி போட்டேன். எப்போதும் போடுவதுதான். அந்த வரியை வாசித்துவிட்டுப் போட்டேனா என்று கேட்டால் இல்லை. மற்றநாள் காலை ஆளை நீதவான் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். பிணை கிடைத்து வீட்டுக்குப் போனார். வெட்டியது உண்மை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டு தண்டமும் கட்டினார்.

நேரம் சரி, காகிதம் சரி, குற்றமும் உண்மை. எனக்கு அது முடிந்த விசயம்.

ஒரு மாதம் கழித்து எங்கள் பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு தடித்த கடித உறையை நீட்டினார். அந்த மனிதரும் மனைவியும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுப் போட்டிருந்தார்கள். காரணம் சொல்லாமல் கைது செய்தது என்பதுதான் முறைப்பாடு. முதலாம் எதிர்மனுதாரர் நான். திணைக்களமெல்லாம் எனக்குப் பிறகுதான்.

எனக்குச் சரியான கோபம் வந்தது. பத்து நாள் அந்தக் கோபத்தோடுதான் சாப்பிட்டேன், படுத்தேன். 'டேய்' என்று கூப்பிட்டவன் எல்லாம் நிம்மதியாக இருக்க, 'அண்ணை' என்றவனுக்கு வழக்கா? என் மனைவிக்குச் சொன்னேன், சாரதிக்குச் சொன்னேன், தேத்தண்ணிக் கடையில் முன்பின் தெரியாத ஒருவருக்கும் சொன்னேன். நன்றி கெட்ட சனம் என்றும் சொன்னேன். அதைச் சொன்னதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். அந்தச் 'சனம்' என்ற சொல்லுக்குள் மலைநாட்டு ஆட்களைப் பற்றி எங்கள் வீட்டுக் குசினியில் கேட்டு வளர்ந்த கதையெல்லாம் இருந்தது.

பொறுப்பதிகாரி கெட்ட மனிதர் இல்லை. "ஏன் காணும் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறீர்? உந்த வழக்குக்குச் சாட்சியை ஏத்தி விசாரிக்கிறேல்லை. ரெண்டு பக்கச் சத்தியக்கடதாசியையும் வாசிச்சுத்தான் தீர்ப்பு. உம்மட கடதாசியிலை காரணம் சொன்னதெண்டு இருக்கும், படிவத்திலையும் சரி போட்டிருக்கு. ஆக்களின்ரை வாயை நம்புவினமோ, எழுத்தை நம்புவினமோ?" என்றார்.

கொழும்பிலிருந்து அரச சட்டத்தரணி என் பெயரில் சத்தியக்கடதாசி ஒன்றை, நான் சத்தியம் செய்து கையெழுத்து வைக்கவேண்டிய வாக்குமூலத்தை, தயாரித்து அனுப்பினார். ஐந்தாவது பந்தி இப்படி இருந்தது: 'கைதுக்கான காரணத்தை அவருக்கு விளங்கும் மொழியில் தெளிவாக எடுத்துரைத்தேன்.' பரந்தனில், இப்படியான கடதாசிகளுக்கு முத்திரை போடும் ஒரு சமாதான நீதவான் முன்னால் அதில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் சரி. எனக்குப் பதவி உயர்வு நேர்முகம் வர இருந்தது. கையெழுத்து வைத்தால் வழக்கு அனேகமாகத் தள்ளுபடி. வைக்காவிட்டால் குற்றம் என் தலையில், என் சொந்தப் பெயரில்.

வைக்கத்தான் போனேன். பொய் சொல்லப் போகிறேன் என்ற எண்ணம்கூட எனக்கு இல்லை. அத்தனை மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனது காரணம் சொன்னதற்குச் சமன் என்றுதான் நினைத்திருந்தேன்.

சமாதான நீதவான் சந்திக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். ஓய்வுபெற்ற மனிதர். நான் போனபோது குளித்துக்கொண்டிருந்தார். விறாந்தைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். வாசிக்க ஒன்றும் இல்லாததால் கையிலிருந்த மனுவை வாசித்தேன். அதுவரை முதல் பக்கத்தில் என் பெயரைப் பார்த்ததோடு சரி. கோபத்தில் மிச்சத்தை வாசிக்கவேயில்லை.

அந்த மனிதரின் மனைவியுடைய சத்தியக்கடதாசி உள்ளே இருந்தது. போர் முடிகிற நாட்களில் தன்னுடைய மூத்த மகனை முகாமுக்குப் போகும் வழியில் ஒருவர் கூப்பிட்டதாகச் சொல்லியிருந்தார். மிகவும் மரியாதையாக, தமிழில் பேசினாராம். 'அம்மா, தம்பி ஒருக்கா வந்திட்டுப் போகட்டும், சின்ன விசாரணைதான்.' மகன் திரும்பி வரவேயில்லை. 'அன்று காட்டில் என் கணவருக்கும் அதே வசனம் சொல்லப்பட்டது' என்று அடுத்த வரியில் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் போன இடங்கள். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சீலை மாற்றிக்கொண்டு, கணவரின் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போயிருக்கிறார். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். ஆமி முகாம் வாசலுக்குப் போயிருக்கிறார். அங்கேயும் இல்லை. தண்ணீரூற்றுப் பக்கம் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போய், காணாமல் போனவர்களைப் பதிகிற கந்தோரில் படத்தைக் கொடுத்து எழுதிவிட்டு வந்திருக்கிறார். போகும்போதும் வரும்போதும் அந்த பஸ் எங்கள் கந்தோர் வாசலைக் கடந்துதான் போகும். வாசலில் மான் படம் போட்ட பெரிய பலகை இருக்கிறது. உள்ளே அவர் கணவர் எங்கள் மரவாங்கில் குந்தியிருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்களைக் கொண்டுபோகிற இடத்தைத் தேடிப்போன ஒருத்திக்கு மான் போட்ட பலகை கண்ணில் படாது.

கடைசிப் பக்கத்தில் அந்தப் படத்தின் பிரதி இருந்தது. அந்த மனிதர் கொஞ்சம் இளமையாக, வெள்ளைச் சேட்டுப் போட்டு நின்றார். படத்தின் ஒரு பக்கம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. அவருடைய தோளில் ஒரு கை இருந்தது. கைக்குரிய ஆள் இல்லை. கீழே விளக்கம் தட்டச்சில் இருந்தது: வெட்டப்பட்ட பகுதியில் இருந்தவர் மகன், அந்தத் துண்டு பல வருடங்களுக்கு முன் மகனைத் தேடுவதற்காகக் கொடுக்கப்பட்டது, வீட்டில் மிஞ்சியிருந்தது இந்தத் துண்டு மட்டுமே.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் இருந்த இடத்திலும் ஒன்றும் இல்லை. முற்றத்தில் யாரோ நெல் காயப் போட்டிருந்தார்கள், ஒரு கோழி அதைக் கிளறிக்கொண்டிருந்தது, கலைக்கவேண்டும் என்று தெரிந்தும் நான் எழும்பவில்லை.

சமாதான நீதவான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டு, முத்திரையை எடுத்து வைத்து, வழமையான கேள்வியைக் கேட்டார்.

"இதிலை சொல்லியிருக்கிறது முழுக்க உண்மையெண்டு சத்தியம் பண்ணுறீரோ?"

தினமும் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வி. 'ஓம்' என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு ஐந்தாவது பந்தியைத் திரும்ப வாசித்தேன்.

"என்ன தம்பி, தண்ணி ஏதும் வேணுமோ?"

"இல்லை ஐயா. ஒரு பந்தி பிழை. திருத்திக்கொண்டு வாறன்."

அன்றைக்குக் கந்தோருக்குப் போய் மேசையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, கால் முண்டுப் புத்தகத்தை இழுத்து எடுத்தேன். நடுவில் மேசைக்காலின் வட்டம் பதிந்திருந்தது. பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு வரிதான். கைது செய்யப்படும் எவருக்கும் கைதுக்கான காரணம் அறிவிக்கப்படவேண்டும். குற்றம் செய்யாதவர்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. மரியாதை தெரிந்த உத்தியோகத்தருக்கு விலக்கு என்றும் இல்லை.

அரச சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க அப்படி எழுதினா உங்களுக்காக நான் சொல்ல ஒண்டுமே இருக்காது. பொறுப்பு முழுக்க உங்கட தலையிலதான் வரும். விளங்குதா?" என்றார். விளங்குகிறது என்றேன். பிறகு ஐந்தாவது பந்தியை நானே எழுதினேன்: 'அவரைக் கைது செய்வதாகவோ எதற்காக என்றோ நான் சொல்லவில்லை. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ என்று மட்டும் சொன்னேன். படிவத்தில் உள்ள சரி அடையாளம் காரணம் சொல்லாமலே நான் போட்டது.'

பொறுப்பதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார். "நீர் ஒருத்தர் அரிச்சந்திரனாப் போறதுக்கு, எங்கட எல்லாற்றை படிவத்தையும் கிளறப் போறாங்கள்" என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. சாரதி சில மாதம் என்னோடு வேலைக் கதை மட்டும்தான் கதைத்தார். வீட்டில் மனைவி கேட்டாள், "அப்ப நேர்முகம்?" அந்த நாட்களில் யார் என்ன கேட்டாலும் தூரத்தில் யாரோ வேறு ஒருவரிடம் கேட்பது போலத்தான் இருந்தது. துணிச்சலான வேலை செய்தேன் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

தீர்ப்பு வர நெடுநாள் பிடித்தது. தீர்ப்புக்கு முதல்நாள் காலை பரந்தனில் றெயில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். நீதிமன்றத்தில் எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. ஆங்கிலத்தில் பேசினார்கள், கொஞ்சம் சிங்களத்திலும் பேசினார்கள். என் பெயர் இரண்டு தரம் கேட்டது. என்ன தீர்மானித்தார்கள் என்று வெளியே வந்தபின்தான் எனக்குத் தமிழில் சொன்னார்கள். முதலாம் எதிர்மனுதாரர் மனுதாரரின் உரிமையை மீறியிருக்கிறார். அவர் உள்ளதைச் சொன்னதை நீதிமன்றம் கவனத்தில் எடுக்கிறது, ஆனால் அதனால் மீறல் இல்லாமல் போகாது. நட்டஈடு அவருடைய சொந்தக் கையிலிருந்து கொடுக்கப்படவேண்டும். நான் தலையாட்டினேன். சரியான தீர்ப்பு. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

படியருகில் அந்தக் கணவரும் மனைவியும் நின்றார்கள். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். கணவர்தான் முதலில் சிரித்தார். "இந்த வருசம் பழம் நல்லாப் பிடிச்சிருக்கு சேர். நாங்க அந்தப் பக்கமே வரல்ல" என்றார். நானும் சிரித்திருக்கவேண்டும், சரியாக ஞாபகம் இல்லை. மனைவி கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு நின்றார். இத்தனை வருடம் வன்னியில் இருந்தும் மலைநாட்டுப் பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை.

"தம்பி, நீங்க எழுதிக் குடுத்த கடுதாசி, அதுல ஒரு கொப்பி எங்களுக்குக் கிடைக்குமா?"

"ஏன் அக்கா, வழக்குத்தான் முடிஞ்சுதே."

"இது வழக்குக்கு இல்ல தம்பி. மகன் விசயமா எல்லா எடத்துக்கும் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். அப்படி யாரையும் கூட்டிக்கிட்டே போகல்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. கூட்டிக்கிட்டுப் போனேன், ஏன்னு சொல்லல்லன்னு கையெழுத்து வச்சுக் குடுத்த ஒரே ஆள் நீங்கதான். இப்படி எழுதலாம்னு அவங்களுக்குக் காட்டலாமேன்னு பாத்தேன்."

என் பையில் ஒரு பிரதி இருந்தது. எதிரே வீதியைக் கடந்தால் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. மூன்று பேருமாகக் கடந்து போனோம். கடைக்காரர் தாளை வாங்கிக் கண்ணாடியில் குப்புற வைத்துக்கொண்டு, எத்தனை வேண்டும் என்று தமிழில் கேட்டார்.

"ஒண்டு" என்றேன்.

"இருங்க தம்பி" என்றார் அந்த அம்மா. உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உதட்டுக்குள் ஒவ்வொரு கந்தோராகச் சொல்லி விரலை மடித்தார். ஒரு கை விரல்கள் முடிந்து மற்றக் கைக்குப் போனார்.

"ஏழு போடுங்க" என்றார்.